லத்தி சொல்லும் சேதி: யானையின் வயிற்று நோய்களுக்கு வைத்தியம்

[காட்சி: முதுமலை, தெப்பக்காடு முகாம். பாகன் கவளம் உருட்டுகிறார்.]

ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு. இதுதான் முகாம் யானையின் கவளம். சில நாட்களில் இதற்குள்ளே வயிற்றுப் பூச்சிக்கான மருந்தும் இருக்கும். கசப்பு தட்டினால் யானை துப்பிவிடும். அதனால் முதலில் வெறும் கவளம், அப்புறம் மருந்து வைத்தது, அதை மென்று முடிப்பதற்குள் இன்னொரு வெறும் கவளம்.

ஆனால் எந்த மருந்து? அதை லத்திதான், அதாவது யானைச் சாணம்தான், சொல்ல வேண்டும்.

யானை வழக்கத்துக்கு மாறாக மண் தின்றால், மெலிந்தால், அடிவயிற்றில் நீர் கோத்தால் பாகனுக்குச் சந்தேகம் வந்துவிடும். அவர் சொல்லை அலட்சியம் செய்யவே கூடாது. நாள் முழுக்க யானையோடு இருப்பவர் அவர்தானே.

[காட்சி: கண்ணாடிக் குழாய், நுண்ணோக்கி.]

புது லத்தியில் கொஞ்சம் எடுத்து, கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி வைத்தால் உருண்டைப் புழுக்களின் முட்டைகள் மேலே மிதந்து வரும். தட்டைப் புழுவின் முட்டை கனமானது, அடியில் தங்கிவிடும். மேலே ஒன்றும் இல்லை என்று நிறுத்திவிட்டால், ஈரப் புல்வெளியில் நத்தை வழியாகப் பரவும் ஈரல் புழு என்ற தட்டைப் புழு தப்பித்துவிடும். அதனால் அடிவண்டலையும் பார்த்தே ஆகவேண்டும்.

உருண்டைப் புழு என்றால் பெரும்பாலும் ஃபென்பென்டசோல் என்ற பூச்சி மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் 4,000 கிலோ யானைக்கு 20 கிராம். எடைமேடை இல்லாத இடத்தில் மார்புச் சுற்றளவை அளந்து எடையைக் கணிப்பார்கள். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

பேதி என்றாலே புழு என்று நினைக்காதீர்கள். சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாவாலும் பேதியாகும். காய்ச்சல் பார்க்க எளிய வழி: அப்போதுதான் விழுந்த லத்தி உருண்டைக்குள் வெப்பமானியைச் செருகுவது. அப்புறம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பார்கள். கண்டதைக் கொடுத்தால், பெருங்குடலில் நாரைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்களும் செத்துப்போகும். குட்டி யானை தாயின் லத்தியைத் தின்பதே அந்த நுண்ணுயிர்களுக்காகத்தான்! முடிவு வரும்வரை உடலில் நீர் வற்றாமல் காப்பதுதான் அவசரம்: காதின் ரத்தக் குழாயில் டிரிப், ஆசனவாய் வழியாகவும் நீர்.

[காட்சி: மறுபடி நுண்ணோக்கி.]

பூச்சி மருந்து கொடுத்த யானைக்கு 14 நாள் கழித்து மறுபடி லத்திப் பரிசோதனை. முட்டை எண்ணிக்கை இறங்கவில்லையென்றால், அடுத்த கவளத்தில் வேறு மருந்து.