கோதுமை வயலுக்கு நடுவே ஒரு பொதுப்பாதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். சவுத் டவுன்ஸ் என்னும் அந்தக் குன்றுத்தொடர், நாம் கூடியிருக்கும் இந்தக் குரோய்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. பிரைட்டன் கடற்கரைக்குப் போகாத குடும்பம் இந்த மண்டபத்தில் இருக்காது. போகும் வழியில் ரயில் ஜன்னலுக்கு வெளியே பச்சையாய்த் தெரியுமே, அந்தக் குன்றுகளின் மேல் ஏறி நடந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் அதிகம் கைகள் உயர்வதில்லை. ஏன் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அது யாருடைய நிலமோ, நாம் எப்படி உள்ளே போவது?"

அது யாரோ ஒருவருடைய நிலம்தான். ஆனால் அதன் ஊடாகப் போகும் பாதையில் நடக்கும் உரிமை உங்களுடையது. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியாகவே போகிறது. நிலத்தை விற்றாலும், பிள்ளைகளுக்கு எழுதி வைத்தாலும், பாதையின் உரிமை அப்படியே தொடரும். சட்டப்படி நிறுத்தினால் அல்லது மாற்றினால் ஒழிய, நெடுநாள் யாரும் நடக்கவில்லை என்பதற்காக அது மறைந்துவிடாது. எங்கெங்கே பாதை உண்டு என்பதை உள்ளூர் நிர்வாகம் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிந்து வைத்திருக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி விதித்தது. கடையில் வாங்கும், நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தில், ஆரஞ்சு நிற அட்டை போட்ட பெரிய அளவு வரைபடத்தைத்தான் சொல்கிறேன், அந்தப் பாதைகள் பச்சைக் கோடுகளாகத் துண்டு துண்டாகப் போட்டிருக்கும். களத்தில் கம்பங்களில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் கூட வரலாம்.

ஜூன் மாதத்தில் ஒரு கோதுமை வயலின் ஓரத்தில் போய் நில்லுங்கள். பயிர் இடுப்பளவு நிற்கும். உங்கள் வரைபடத்தின் பச்சைக் கோடு நேராக அந்தப் பயிருக்குள் போகும். நம் மனம் அங்கே தயங்குகிறது. விளைந்த பயிரின் ஊடே கால் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கூர்ந்து பாருங்கள், பயிருக்கு நடுவே ஓராள் அகலத்துக்கு வெறும் மண் தெரியும். இருபுறமும் கதிர்கள் சாய்ந்து முழங்கையில் உரசும். காலடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களும், உடைந்த கருநிறத் தீக்கற்களும் கிடக்கும். உழவர் தற்செயலாக விட்ட இடைவெளி அல்ல அது. வயலின் குறுக்கே போகும் நடைபாதையை அவர் உழுது விதைக்கலாம். உழுத 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையை மறுபடி மட்டப்படுத்திக் கொடுத்தாக வேண்டும், அதில் பயிர் வளர விடக் கூடாது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இது. உழவர் உழுகிறார், ஊரார் நடக்கிறார்கள், இரண்டும் ஒரே மண்ணில் நடக்கின்றன. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நான் வேறு சட்டங்களில் அதிகம் பார்த்ததில்லை.

இந்த உரிமைகள் எல்லாம் பிரபுக்கள் மனமுவந்து கொடுத்தவை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1930-களில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புகை மண்டிய தெருக்களை விட்டு அவர்கள் பீக் மாவட்டத்து மேட்டுநிலங்களுக்குப் போனார்கள். அங்கே மிக உயரமான கிண்டர் ஸ்கவுட் மேடு, செல்வந்தர்கள் காட்டுக்கோழி வேட்டையாடுவதற்காக அடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்டில் சில நாள் வேட்டைக்காக ஆண்டு முழுவதும் காவல்! 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து சுமார் 400 பேர் அந்த மேட்டை நோக்கி ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

அவர்களை வழிநடத்திய பென்னி ரொத்மனுக்கு அப்போது 20 வயது. ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதத் தம்பதியின் மகன். இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. இந்த மண்டபத்தில் அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். "இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு" என்று நம்மவர்கள் பேசும்போது என் நினைவுக்கு வருவது அவருடைய பெயர்தான். நாம் இன்று அச்சமின்றி நடக்கும் மேடுகளுக்காகச் சிறைக்குப் போனவர்களில் நம்மைப் போல் வந்தவர்களின் பிள்ளையும் இருந்தான்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1951-இல் பீக் மாவட்டம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. 1965-இல் 431 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் வே என்னும் நெடுந்தூர நடைபாதை திறக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம், மலை, மேட்டுநிலம், புதர்வெளி, சுண்ணாம்புக் குன்று, பதிவுசெய்யப்பட்ட பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. 2002-இல், கிண்டர் போராட்டத்தின் எழுபதாம் ஆண்டு விழாவில், அந்த நிலத்தை அன்று அடைத்து வைத்திருந்த குடும்பத்தின் வாரிசான டெவன்ஷயர் கோமகன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்டது இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டு சதவீதம்தான். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் உலவலாம். இங்கே வழக்கு இன்னும் முடியவில்லை என்பது என் கருத்து.

சரி, எங்கே தொடங்குவது? இந்தக் குன்றுகளின் மேல் போகும் சவுத் டவுன்ஸ் வே என்னும் நெடும்பாதை வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர். அத்தனையும் நடக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் குரோய்டனில் ரயில் ஏறி லூயிஸ் நிலையத்தில் இறங்குங்கள். ஊரைத் தாண்டிக் கிங்ஸ்டன் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான் கடினம். அதன்பின் குன்றின் முதுகிலேயே போகலாம். ஒரு பக்கம் ஊஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, தொலைவில் கடல், தலைக்கு மேல் எங்கோ வானம்பாடி பாடிக்கொண்டிருக்கும். ஆடுகள் மேய்ந்து மேய்ந்து குட்டையாக்கிய புல்தரையில் உட்கார்ந்து கொஞ்சம் குனிந்து பாருங்கள். நல்ல சுண்ணாம்புத் தரையில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகள் வரை இருக்கும். காட்டு நறுமணச் செடியான தைம் காலில் மிதிபட்டால் மணக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பிறகும் இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி உழப்பட்டு அழிந்தது. மிச்சமிருப்பதில் நடக்கிறோம் என்ற நினைவு இருக்கட்டும்.

மாலைக்குள் சௌத்ஈஸ் கிராமத்தில் இறங்கிவிடலாம். அங்கே வட்டக் கோபுரத்தோடு ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது, ரயில் நிலையமும் இருக்கிறது. தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். சுண்ணாம்பு நீரை உறிஞ்சிவிடுவதால் குன்றின் மேல் ஓடையே கிடையாது. மழை பெய்திருந்தால் வெள்ளைச் சேறு சோப்பாய் வழுக்கும், சாதாரணச் செருப்போடு ஏறாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுக்களை வீட்டுப் பசு என்று நினைத்துத் தடவப் போக வேண்டாம், சுற்றிப் போங்கள். திறந்திருந்த படலைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள்.

பாட்டியையும் பேரனையும் அழைத்துப் போங்கள். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். யாராவது ஒரு மாதிரியாகப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள்.

பாதையின் குறுக்கே முள்கம்பி கட்டியிருந்தாலோ, வயலின் நடுவே பயிரை விட்டுப் பாதையை மறைத்திருந்தாலோ, திரும்பி வந்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அந்தப் பகுதியின் கவுண்டி கவுன்சிலுக்குப் பாதையைத் திறந்து வைக்கும் கடமை உண்டு. அவர்களுடைய இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம். வரைபடத்தில் அந்த இடத்தின் குறியீட்டு எண்ணையும் ஒரு புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.