பஞ்சு என்று நாம் சொல்வது: சிகரெட் துண்டும் கால்வாயின் சிற்றுயிர்களும்

[காட்சி: கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. மாலை மழைக்கு முந்தைய இருட்டு.]

குரல்: 2019 ஜனவரி 1 முதல் மலேசிய உணவகங்களில் புகைபிடிக்கத் தடை உள்ளது. கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதால், தே தாரிக் குடித்து முடித்தவர்கள் பலர் எழுந்து சென்று நிற்குமிடம் நாம் லோங்காங் என்று சொல்லும் கால்வாயின் விளிம்பாக இருக்கிறது. புகைத்து முடித்ததும், துண்டு இரும்புக் கம்பிகளின் இடைவெளியில் விழுந்து மறைகிறது. கழிவறை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் குழாய் வேறு, இந்த மழைநீர்க் கால்வாய் வேறு. இதில் விழுந்தது கிள்ளான் ஆற்றுக்கே போய்ச் சேரும்.

[காட்சி: பிரித்து விரித்த வடிகட்டி, மிக அருகில்.]

குரல்: இதைப் பஞ்சு என்று சொல்லியே பழகிவிட்டோம். அந்தப் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். பருத்தியாக இருந்தால் மண்ணில் மட்கிவிடும். இது செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக். ஒரு வடிகட்டிக்குள் 12,000-க்கும் மேற்பட்ட இழைகள் நெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. புகையிலிருந்து தடுத்து நிறுத்திய தார், நிக்கோட்டின், காட்மியம் போன்ற உலோகங்கள் எல்லாம் அந்த இழைகளில்தான் ஒட்டிக் கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை கரைந்து வெளியேறத் தொடங்கும். பெர்லினில் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஒரு துண்டிலிருந்து வெளியேறக்கூடிய நிக்கோட்டினில் பாதி, முதல் 27 நிமிடங்களிலேயே நீரில் கலந்துவிட்டது. நம் ஊர் மாலை மழைக்கு அந்த நேரம் தாராளம்.

[காட்சி: நுண்ணோக்கியில் டாஃப்னியா. ஒளி ஊடுருவும் உடலுக்குள் துடிக்கும் இதயம்.]

குரல்: இதன் பெயர் டாஃப்னியா, நன்னீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர். நம் வெப்பமான குளங்களில் இதன் உறவான மொய்னா வாழ்கிறது; வண்ண மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடுவது அதைத்தான். நீரில் மிதக்கும் நுண்பாசியை இவை தின்கின்றன. இவற்றை மீன் குஞ்சுகள் தின்கின்றன.

நச்சு ஆய்வில் இவை இறந்தனவா என்று பார்ப்பதைவிட அசைகின்றனவா என்றே பார்ப்பார்கள். கண்ணாடிக் குவளையை மெல்ல ஆட்டிவிட்டு 15 நொடி காத்திருப்பார்கள். அதற்குள் நீந்தாதது முடங்கியதாகக் கணக்கில் சேரும். ஆஸ்திரேலியாவில் 2006-இல் வெளிவந்த ஆய்வு, 19 வகைச் சிகரெட்டுகளின் துண்டுகளை ஊறவைத்த நீரில் செரியோடாஃப்னியா என்னும் இன்னொரு தெள்ளினத்தை விட்டது. ஒரு லிட்டருக்கு 0.03 முதல் 0.08 துண்டு என்ற அளவிலேயே 48 மணி நேரத்தில் பாதி உயிர்கள் முடங்கின. அதாவது ஒரே ஒரு துண்டு, குறைந்தது 12 லிட்டர், ஒரு வாளித் தண்ணீரை இவற்றுக்கு ஆகாததாக்கப் போதும். 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நன்னீர் மீனைச் சோதித்தபோது, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு துண்டு என்ற அளவில் 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் மடிந்தன. உடல் சிறிதாக இருந்த உயிர்தான் முதலில் முடங்கியது.

நிக்கோட்டின், நரம்புக்குச் செய்தி சொல்லும் அசிட்டைல்கோலினைப் போல நடித்து, அந்தச் செய்தியை வாங்கும் இடமான ஏற்பியில் போய் அமர்கிறது. நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டு, பிறகு செயலிழக்கிறது. புகையிலைச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உருவாக்கிய நஞ்சு அது. பூச்சிக்கு உறவான தெள்ளுக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை.

கொசுப் புழுவும் சாகுமே, நல்லதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். ஏடிஸ் புழுக்களைத் துண்டு ஊறிய நீர் கொல்வது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. ஆனால் அந்த நஞ்சு ஆள் பார்த்துக் கொல்வதில்லை. அதே கால்வாயில் கொசுப் புழுவைத் தின்னும் கப்பி மீனும் தும்பியின் இளம்பூச்சியும் இருக்கின்றன. புழு மீண்டும் சில நாளில் பிறந்துவிடும். தும்பி அவ்வளவு விரைவில் திரும்பாது.

ஓடும் ஆற்றில் நஞ்சு நீர்த்துப்போகும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மழை விட்ட மறுநாள், கால்வாயின் அடியில் தேங்கும் கையளவு நீரில் ஐந்தாறு துண்டுகள் கிடக்கும்போதுதான் நிலைமை கடுமையாகிறது.

[காட்சி: காலை. கடைக்கு முன்னால் ஒருவர் குழாய் நீரைப் பீய்ச்சித் தரையைக் கழுவுகிறார். துண்டுகள் கால்வாய்க்குள் சரிகின்றன.]

குரல்: இந்தத் துண்டுகளை முதலில் உலர்வாகப் பெருக்கிக் குப்பைப் பையில் போட்டு, அதன் பிறகு தண்ணீர் ஊற்றினால், வேலை கூடுவது இரண்டு நிமிடம்.