பைப்பு எங்கேயாவது வளருமா?

வணக்கம் மக்களே! கத்திவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். பிளான்ட் பைப்புகளின் தடிமனை அளப்பதுதான் என் வேலை. பின்னால் தெரிவது அனல்மின் நிலையப் புகைபோக்கி. "பிளான்ட்டுக்குள்ள போய் வீடியோ போடுங்கண்ணா" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், வாய்ப்பே இல்லை.

சரி, மெஷினையாவது காட்டுகிறேன். இதுதான் யூடி கேஜ், அதாவது அல்ட்ராசவுண்ட் வைத்துத் தடிமன் அளக்கும் கருவி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பைப்பை அறுக்காமல், ஓட்டை போடாமல் தடிமனைச் சொல்லும். ஒரு சொட்டு ஜெல் வைத்து புரோபை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் முனையை, அழுத்தினால் அல்ட்ராசவுண்ட் உள்சுவர் வரை போய் மோதித் திரும்பும். இரும்பில் ஒலி நொடிக்கு சுமார் 5,900 மீட்டர் ஓடும். போய்வந்த நேரத்தை வைத்து மில்லிமீட்டர் கணக்கு வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணலி பக்கம் ஒரு பைப் லைன். மூன்று வருடத்துக்கு முன் 8.2 மில்லிமீட்டர் இருந்த புள்ளியில் நான் 8.6 எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் பேப்பரைப் பார்த்தார். "ஏம்பா, பைப்பு என்ன சுரைக்காயா, வளர்றதுக்கு?"

பெயின்ட் மேலேயே புரோபை வைத்திருக்கிறேன்! பெயின்ட்டில் ஒலி மெதுவாகப் போகும். மெஷின் அதையும் இரும்பு என்றே எடுத்துக்கொள்ளும். 0.3 மில்லிமீட்டர் பெயின்ட், 0.7 மில்லிமீட்டர் இரும்பாகக் கணக்கில் ஏறிவிட்டது. சுரண்டிவிட்டு வைத்தால் 7.9. இப்போது வரும் மெஷின்களில் பெயின்ட்டைக் கழிக்கும் மோடு உண்டு, நம்மதில் கிடையாது.

அந்த 7.9 தனியாக இருந்தால் பாதிக் கதைதான். பழைய 8.2 கூட இருப்பதால்தான் வருடத்துக்கு 0.1 கரைகிறது என்று தெரிகிறது. அந்த லைனுக்குக் குறைந்தது 6.9 வேண்டும். மிச்சம் 1 மில்லிமீட்டர், அதாவது 10 வருடம். அதற்காக 10 வருடம் தூங்க முடியாது. அதில் பாதிக்குள், 5 வருடத்தில் மறுபடி பார்த்தாக வேண்டும் என்கிறது பைப் லைன் சோதனைக்கான ஏபிஐ 570 விதிமுறை. அதுவும் அதே புள்ளியில். நாலு இன்ச் தள்ளி வைத்தால் கணக்கே வேறு.

இப்போது நம் வீட்டுத் தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு. வாங்கும்போது 6 மில்லிமீட்டர் ஆங்கிள். கடல் காற்று சும்மா விடுமா? துருவைத் தேய்த்துவிட்டு வைக்கிறேன். மேலே 5.4. அடிக்கால்... 3.1. அய்யய்யோ.

அம்மா! மோட்டாரை நிறுத்தும்மா, பாதி டேங்க் போதும்!

வெல்டர் அண்ணனுக்கு போன் போட்டுவிட்டு வருகிறேன், இருங்கள்.