விதை உறங்காது: கொடிமலை மரத்துக்காக ஒரு வேண்டுகோள்

அவைத் தலைவர் அவர்களே, அடுத்த நிகழ்ச்சி காத்திருந்தும் எழாமல் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, மேலாளர் வாரியத்தினரே, தேநீருக்குப் பொறுப்பேற்ற மகளிர் பிரிவினரே, வணக்கம்.

மரம், பிசின், விதை என்று மூன்று செய்திகள். “விதைத்தவன் உறங்கினாலும் விதை உறங்காது” என்பார்கள். அதை எழுத்துக்கு எழுத்து மெய்ப்பிக்கும் மரம் நம் பினாங்குக் கொடிமலையிலேயே இருக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் தானாக வளரும் ஊசியிலைப் பைன் மரம் கிடையாது. இருப்பவை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. நம் மண்ணில் பைனைப்போலக் கூம்பில் விதை தாங்கும் மரம் டாமார் மின்யாக், அறிவியல் பெயர் அகாத்திஸ் போர்னியென்சிஸ். ஊசியிலையைத் தேடி ஏமாறாதீர்கள். இலை அகன்று தடித்திருக்கும், நடுநரம்பு இராது. பட்டை வட்ட வட்டமாக உதிர்வதால் அடிமரம் தட்டி வைத்த பித்தளைக் குடம்போலக் குழிகுழியாகத் தெரியும். காட்டில் 50 மீட்டர்கூட எட்டும். இன்று அழியும் ஆபத்திலுள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது.

டாமார் என்றால் மலாயில் பிசின். நம் சாம்பிராணி இதுவல்ல, அது வேறு மரத்துடையது. பிசினுக்கு நேரமில்லை, டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

விதைக்கு வருகிறேன். ஒரு பள்ளியில், எது என்று கேட்காதீர்கள், இந்த விதையை மைலோ டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தார்கள். பள்ளி விடுமுறை போனது, விளையாட்டு விழா போனது. பிறகு பந்தல் போட்டு, பிரமுகரை அழைத்து, மாலை மரியாதையோடு விதைத்தார்கள். ஒரு மாதம் கழித்தும் ஒன்றுமில்லை. ஆசிரியர் ஜாகாவை, அதாவது காவலாளியை, திட்டினார், ஜாகா கோழியைத் திட்டினார். கோழி பாவம்! விதை டின்னிலேயே செத்திருந்தது. விதை உறங்காது ஐயா, உறங்க வைத்தால் செத்துப்போகும்! நெல்லைப்போல உலர்த்திச் சேமிக்கும் விதையல்ல இது, காய்ந்தால் முளைக்காது.

விதை தாங்கும் கூம்பு, மரத்தில் இருக்கும்போதே சிதறிவிடும், சிறகுள்ள விதை காற்றோடு போய்விடும். ஆகவே பச்சை மங்கிப் பழுப்பேறும்போதே அனுமதி பெற்றுப் பறிக்க வேண்டும். அந்த வாரத்திலேயே நாற்றுப்பையில் விதையுங்கள். மேலே மெல்லிய மண் போதும், ஆழப் புதைத்தால் அழுகும். தாய்மரத்தடி மண் ஒரு பிடி கலந்தால் வேருக்குத் துணையாகும் பூஞ்சை கூடவே வரும். நிழல்வலை கட்டுங்கள். பையில் தண்ணீர் தேங்கக்கூடாது. வேர் பையில் சுருளும்முன் நட்டுவிடுங்கள்.

பள்ளிக்கு இருபது நாற்றுப்பை, அவ்வளவுதான் கேட்கிறேன். விதைத்தவன் உறங்கட்டும், தண்ணீர் ஊற்றுகிறவர் உறங்கக்கூடாது! பெயர் எழுதும் தாள் தேநீர் மேசையில் இருக்கிறது. வடைக்கு முன்னால் கையெழுத்து.