பிக்கப்பின் பின்பக்க ஷாக் அப்சர்பர்: ஜாக்கி போடாமல் வீட்டிலேயே மாற்றலாம்

[திரையில்: வேகத்தடையில் ஏறி இறங்கும் பொலிரோ பிக்கப்]

வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வண்டி இது. வேகத்தடை தாண்டினதும் பின்பக்கம் ஒரு தடவை ஆடி அடங்க வேண்டும். இது மூன்று, நான்கு தடவை ஆடுகிறது. தக்காளி நசுங்குவது ஒரு பக்கம். சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்போது பிரேக் சரியாகப் பிடிக்காது, அதுதான் பெரிய கவலை.

வண்டியின் மூலையைக் கையால் அழுத்தி விட்டு, எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கிற சோதனை காருக்குச் சரி. காலி பிக்கப்பின் கமான் பட்டை, அதாவது அடுக்கடுக்கான எஃகுப் பட்டை ஸ்பிரிங், நம் கைக்கு அசையாது. அதனால் குனிந்து அடியில் ஷாக்கைப் பாருங்கள்.

[க்ளோசப்: பழைய ஷாக்]

எண்ணெய் வழிந்து, அதில் புழுதி அப்பி, கறுப்பாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கிற சீல் போய்விட்டது. லேசான ஈரக் கசிவுக்குப் பயப்பட வேண்டாம், இப்படி வழிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். டயரையும் தடவிப் பாருங்கள், அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருக்கிறது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஷாக் இல்லை, கமான் பட்டைதான். பட்டை அமுங்கி எழும்புகிற ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய், பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போகிறது. அந்தத் தடையில் ஆட்டம் சூடாக மாறி அடங்கிவிடும்.

ஆகவே ஷாக்கைக் கழற்றினாலும் பின்பக்கம் கீழே உட்காராது. நான்கு சக்கரமும் தரையில் இருக்க, அடியில் படுத்தே வேலையை முடிக்கலாம். ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்கு அடியில் யாரும் தயவுசெய்து போகாதீர்கள். முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் உள்ள வண்டி என்றால், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, வேலைக்கு வருவோம். சமதரையில் நிறுத்தி, முதல் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. துரு கண்ணில் கொட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைத் தின்பது கீழ்ப்பக்க நட்டுதான். சேறும் தண்ணீரும் நேராக அதில்தான் அடிக்கும். முந்தின நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்குகிற ஸ்பிரே அடித்துவிடுங்கள். ரிங் ஸ்பேனர் போடுங்கள், ஓப்பன் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனையைத் தின்றுவிடும். இறுகி நின்றால் ஒரேயடியாக இழுக்காமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஸ்பிரே அடித்து நகர்த்துங்கள். ஷாக் பக்கத்தில் தீ காட்டவே கூடாது.

[க்ளோசப்: தரையில் இரண்டு ஷாக்குகள்]

பழையதை அழுத்துங்கள். தடையே இல்லாமல் உள்ளே போய் அப்படியே கிடக்கிறது. புதியதை அழுத்தினால் எதிர்த்து நிற்கிறது. இந்த வித்தியாசத்தைக் கையால் ஒரு தடவை உணர்ந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

புதிய எண்ணெய் ஷாக் கடையில் படுக்கையாகக் கிடந்திருக்கும், உள்ளே காற்று புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுக்க அழுத்தி இழுங்கள். பிஸ்டன் கம்பியைக் கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழியும். ரப்பர் புஷ்ஷும் வாஷரும் புதிதாகவே போடுங்கள். மேல்பக்கம் முதலில் மாட்டி, கையால் நீளம் சரிசெய்து கீழ்ப்பக்கத்தைக் கோத்துவிடுங்கள்.

கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கினதும் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். நாம்தான் ஜாக்கியே போடவில்லையே. எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

மறுபக்கத்தையும் இன்றைக்கே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் லோடு ஏற்றி வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாக ஆடும்.

[திரையில்: அதே வேகத்தடை]

முதலில் காலி வண்டியாக ஓட்டிப் பார்க்கிறோம். ஏறியது, இறங்கியது, ஒரே ஆட்டம், நின்றுவிட்டது. இரண்டு நாள் ஓட்டம் முடிந்ததும் நான்கு நட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.