ஆற்றுப் பாலத்துக்கு ஒரு பாட்டுக் குழுவின் பெயர்

(மதுரையில் உள்ளூர் இசைக் குழுக்கள் கூடி வாசித்த ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் கேட்க வந்த இடத்தில் சொற்பொழிவா என்று பின்வரிசைத் தம்பிகள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. மைக்செட் அண்ணன் இன்னும் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர் முடிக்கும்வரைதான் என் பேச்சு, பயப்படவேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் என்று ஒரு ஊர். நம்மூர் மாதிரியே நடுவில் ஆறு. என்ன, அந்த ஆற்றில் தண்ணீரும் ஓடும். 2010இல் அங்கே ஒரு புதுப் பாலம் திறந்தார்கள். பெயர், கோ பிட்வீன் பாலம். அமைச்சர் பெயரோ தளபதி பெயரோ இல்லை, ஒரு ராக் குழுவின் பெயர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த ராபர்ட் ஃபார்ஸ்டர், கிராண்ட் மெக்லெனன் என்ற இரண்டு பேர் 1977இல் தொடங்கிய குழு கோ-பிட்வீன்ஸ். ஊர் உலகமெல்லாம் முணுமுணுக்கிற ஹிட் பாட்டு எதையும் கொடுத்தவர்கள் இல்லை. மெக்லெனன் 2006இல் இறந்துபோனார். பாலத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மாநகராட்சி கேட்டபோது ஜனங்கள் ஓட்டுப் போட்டு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் வைகை மேல் ஏ.வி. பாலம் நிற்கிறது. 1889இல் திறந்தது. ஆல்பர்ட் விக்டர் என்ற இங்கிலாந்து இளவரசரின் பெயர். அவர் மதுரைக்காக ஒரு வரி பாடியதாகக் கேள்வி இல்லை.

சரி, பிரிஸ்பேன்காரர்கள் ஆதியிலிருந்தே இப்படிப் பாட்டுக்காரர்களைத் தலையில் வைத்து ஆடியவர்களா? இல்லை. 1976இல் அதே ஊரில் செயின்ட்ஸ் என்றொரு குழு இருந்தது. அன்றைக்கு குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பியெல்கே-பீட்டர்சன் ஆட்சி. 1968இல் உட்கார்ந்தவர் 1987 வரை எழுந்திருக்கவில்லை. தெருவில் ஊர்வலம் போகவே தடை போட்டவர். தலைமுடி வளர்த்த பையன்கள் நாலு பேர் சேர்ந்தாலே போலீஸ் வந்து நிற்கும். வாசிக்க இடம் கிடைக்காமல் செயின்ட்ஸ் பையன்கள் தாங்கள் குடியிருந்த வீட்டையே அரங்கமாக்கி, அதற்கு கிளப் 76 என்று பெயரும் வைத்தார்கள். ரெக்கார்டு கம்பெனி எதுவும் கண்டுகொள்ளவில்லை. கைக்காசைப் போட்டுத் தங்கள் பாட்டை ரெக்கார்டாக 500 பிரதி அடித்து, இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். உலகமெங்கும் பேர்போன லண்டன் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் முதல் ரெக்கார்டு வெளியிட்டது அந்த வருஷம் நவம்பரில். இவர்களுடையது செப்டம்பரிலேயே வந்துவிட்டது. லண்டனில் சவுண்ட்ஸ் என்ற வாரப் பத்திரிகை, இந்த வாரத்துக்கு மட்டுமல்ல, எல்லா வாரத்துக்கும் இதுதான் சிறந்த பாட்டு என்று எழுதியது. அப்புறம்தான் சொந்த நாட்டுக் கம்பெனிக்குக் கண் திறந்தது. அதற்குள் பையன்களுக்கு ஊரே வெறுத்துவிட்டது. 1977இல் லண்டனுக்குக் கப்பல் ஏறாத குறையாகக் கிளம்பிவிட்டார்கள்.

உள்ளூர் மாடு விலைபோகாது என்று நாம் சொல்வோமே, அதேதான். இன்றைக்கு அந்தக் குழுவைப் பிரிஸ்பேன் சொந்தம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அந்த 500 பிரதியில் எத்தனையை உள்ளூர்க்காரன் காசு கொடுத்து வாங்கினான் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரிஸ்பேனின் பெருமை என்கிற அந்தக் குழுவில் பாடிய கிறிஸ் பெய்லி பிறந்தது கென்யாவில், ஐரிஷ் பெற்றோருக்கு. கிட்டார் வாசித்த எட் கூப்பர் பிறந்தது ஜெர்மனியில். நமக்கு இது புரியாத விஷயமில்லை. டி.எம். சௌந்தரராஜன் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். தமிழை இப்படித்தான் உச்சரிக்கவேண்டும் என்று அவர் பாட்டைப் போட்டுத்தானே நம் வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்தார்கள்! மதுரையில் 1922இல் பிறந்த மனிதர். 2013இல் போனார். முனிச்சாலையில் சிலை வந்தது 2023இல். அப்படிப்பட்ட குரலுக்கே இத்தனை தாமதம்.

இப்போது பெல்ஃபாஸ்ட் கதைக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது, அதனால் கொஞ்சம் நீளும். வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுக்கும் இடையே குண்டும் துப்பாக்கியுமாக இருந்த எழுபதுகள். 1975இல் மயாமி ஷோபேண்ட் என்ற குழுவினர் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் அவர்களுடைய வண்டியை மறித்து மூன்று பேரைக் கொன்றார்கள். அதற்கப்புறம் வெளியூர்க் குழுக்கள் அந்தப் பக்கம் வரவே பயந்தன. அந்த நேரத்தில், குண்டுவெடிப்புக்குப் பேர்போன ஒரு தெருவில், டெரி ஹூலி என்பவர் ரெக்கார்டு கடை வைத்திருந்தார். கடையின் பெயர் குட் வைப்ரேஷன்ஸ். வியாபாரம் தெரிந்த மனிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். 1978இல், வெளியூர்க்காரன் வராவிட்டால் என்ன, நம்மூர்ப் பையன்களையே பதிவு செய்வோம் என்று இறங்கினார். முதல் ரெக்கார்டு ரூடி என்ற பெல்ஃபாஸ்ட் குழுவுக்கு. நான்காவது, டெர்ரி என்ற ஊரிலிருந்து வந்த அண்டர்டோன்ஸ் பையன்களுக்கு. லண்டன் பிபிசி வானொலியில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் அந்தப் பாட்டைப் போட்டார், முடிந்ததும் உடனே இன்னொரு தடவை போட்டார். மிச்சம் சரித்திரம்.

அந்த ரெக்கார்டுகளின் உறையைப் பார்த்தால் மதுரைக்காரனுக்குச் சிரிப்பு வரும். அட்டை உறை கிடையாது. ஒரு போஸ்டரையே மடித்து உறையாக்கியிருப்பார்கள். பிரித்து விரித்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். போஸ்டர் விஷயத்தில் நமக்கு யார் பாடம் எடுக்கமுடியும்? காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை ஒட்டித்தள்ளுகிற ஊர் இது. ஒரே ஒரு கேள்வி. நம்மூர்ப் பையன்கள் சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டுக்கு ஒரு போஸ்டராவது இந்தச் சுவர்களில் பார்த்திருக்கிறீர்களா?

ஹூலியின் கடையிலும், ஹார்ப் பார் என்ற இடத்திலும் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாக நின்றார்கள். வெளியே வந்தால் தெருவுக்குத் தெரு எல்லை. நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் எந்தப் பாட்டைப் போடுவது என்பதிலேயே கைகலப்பு வருவதை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கவேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழு முதல் முறை மேடை ஏறியது. கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத தமிழர் என்பதிலிருந்து எடுத்த பெயர். வட சென்னையின் பேச்சும் தாளமும் அதில் அப்படியே இருந்தன. அதைக் கேட்டு நாமும் ஆடினோம், சரி. மதுரைப் பேச்சும் ஒயிலாட்ட அடியும் எந்த கிட்டாரோடு சேரப்போகின்றன?

சேர்க்கிற பையன்கள் இல்லாமல் இல்லை, இதோ மேடைக்குப் பின்னால் நிற்கிறார்கள். டிரம் செட்டை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கல்லூரி விழாவில் சொந்தப் பாட்டு ஒன்று பாடினால், அடுத்து சினிமாப் பாட்டு எப்போ என்று கீழேயிருந்து சத்தம் வருகிறது. அதில் பாதிச் சத்தம் நம்முடையது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்ற விடியற்காலை எழுந்திருக்கிறவன், தன் தெருப் பையன் பாடுவதைக் கேட்கச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரமாட்டேன் என்கிறான். ரசிகன் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். ரசித்தது எல்லாம் ஏற்கெனவே ஜெயித்தவர்களைத்தான்.

ஹூலி செய்ததில் கால்வாசி போதும். ஒருத்தர் கேமராவை மேடைக்கு முன்னால் வைத்து முழுக் கச்சேரியையும் ஒழுங்காகப் பதிவு செய்யட்டும். செல்போனைத் தூக்கிப் பிடித்து முப்பது விநாடி எடுப்பது கணக்கில்லை. இன்னொருத்தர் பாட்டு வரிகளை எழுதி வாங்கிவைக்கட்டும். அச்சகம் வைத்திருக்கிற அண்ணன் இங்கே உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லி மாட்டிவிடமாட்டேன், போஸ்டர் அவர் பொறுப்பு. வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். பாட்டைப் பென் டிரைவில் தருகிறார்கள், பனியன் விற்கிறார்கள். நண்பன் என்று ஓசியில் கேட்காமல் காசு கொடுத்து வாங்குங்கள்.

மைக்செட் அண்ணன் கை காட்டிவிட்டார். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாகவேண்டும். இன்னும் மூன்று குழு வாசிக்க இருக்கிறது. அண்ணே, ஒரு வேண்டுகோள், கோயில் கச்சேரிக்கு வைக்கிற அந்த எக்கோவை மட்டும் குறைத்துவிடுங்கள். பையன்கள் என்ன பாடுகிறார்கள் என்று கேட்கவேண்டும். வாங்க தம்பிகளா, மேடைக்கு வாங்க.