மனசுக்குள் எண்ணிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தொடங்கும் முன்னால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் இப்போது செய்ய வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள். உதடு அசையக் கூடாது. பத்தைத் தாண்டியதும், எண்ணுவதை நிறுத்தாமலே, இன்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்ணிக்கையும் ஓட வேண்டும், பேச்சும் ஓட வேண்டும்.

பலருக்கு வாய் திறந்ததுமே எண்ணிக்கை அறுந்திருக்கும். பதினான்கா, பதினைந்தா என்று முழித்திருப்பீர்கள். சிலருக்கு மட்டும் ஒரு தடையும் இருந்திருக்காது. பேச்சு அது பாட்டுக்கு, எண்ணிக்கை அது பாட்டுக்கு. இந்த இரண்டு வகை ஆட்களும் ஒரே வீட்டில் முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கலாம். ஒருவர் தலைக்குள் எப்படி நடக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரிந்தே இருக்காது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்திருக்காது. இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றாகிவிட்டது, குணம் மட்டும் போகவில்லை. வகுப்பில் சரியான விடை சொன்ன பிள்ளையையும் நிறுத்தி வைத்து, "எப்படிப் போட்டே?" என்று கேட்பது என் வழக்கம். "தப்பாப் போட்டவனைக் கேளுங்க சார், சரியாப் போட்டவனை எதுக்குத் துருவுறீங்க?" என்று சக ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். 48ஐயும் 27ஐயும் மனக்கணக்காகக் கூட்டச் சொன்னால், 75 என்று நாலைந்து குரல் சேர்ந்து வரும். விசாரித்தால் ஒருவன் மனசுக்குள் கரும்பலகை வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டியிருப்பான். எழுத்து வெள்ளைச் சாக்பீஸில் இருந்தது என்றுகூடச் சொல்வான். இன்னொருத்தி 27இலிருந்து இரண்டை எடுத்து 48க்குக் கொடுத்து, ஐம்பதும் இருபத்தைந்தும் என்று தனக்குத்தானே முணுமுணுத்திருப்பாள். அவளுக்குக் கரும்பலகை எதுவும் தெரிந்திருக்காது, குரல்தான். மூன்றாவது பையன், "தெரியல சார், வந்துச்சு" என்பான். இந்த மூன்றாவது பதிலை நாம் நம்புவதே இல்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள், இவனிடம் பிறகு வருகிறேன்.

சரி, தொடக்கத்தில் கொடுத்த வேலை என் சொந்தச் சரக்கு இல்லை. ரிச்சர்ட் ஃபைன்மன் செய்து பார்த்தது. 1965இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது நடந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். யார் எங்கே பேசக் கூப்பிட்டாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

நமக்குள் இருக்கும் நேர உணர்வை எது நடத்துகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. காய்ச்சல் ஏறினால் எண்ணுகிற வேகம் மாறுகிறது என்பது அதில் வந்த செய்தி. அவருக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை வரவில்லை. தானே மனசுக்குள் அறுபது வரை எண்ணிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். 48 வினாடி ஆகியிருந்தது. திரும்ப எண்ணினாலும் அதேதான். மாடிப்படியில் ஓடி ஏறி இறங்கிவிட்டு எண்ணினார். நெஞ்சு படபடக்கிறது, எண்ணிக்கை அசையவில்லை. அப்படியானால் எதைச் செய்தால்தான் இது கெடும் என்று தேட ஆரம்பித்தார். சலவைக்குப் போடும் துணிகளைக் கணக்கெடுத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தார். புத்தகம் படித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தார், அதுவும் முடிந்தது. பேசிக்கொண்டே எண்ணுவது மட்டும் அவரால் ஆகவில்லை.

காலைச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது அங்கே ஜான் டூக்கி இருந்தார். பின்னாளில் புள்ளியியலில் பெரும் பெயர் எடுத்தவர். கணினிக்காரர்கள் சொல்கிற 'பிட்' என்ற சொல்லைக் கொடுத்தவரும் அவர்தான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எண்ணிக்கொண்டே படிக்க முடியும் என்பதை நான் நம்பமாட்டேன். பேச முடியாது என்கிறாயே, அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை" என்கிற மாதிரி எதிர்வாதம். பந்தயமே கட்டினார். ஃபைன்மன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். படித்துக்கொண்டே இருந்தவர் அறுபது வந்ததும் நிறுத்தினார். அதே 48 வினாடி. அடுத்து டூக்கியின் முறை. அவர் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொன்னார், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார், பேசிக்கொண்டே இருந்து சரியான இடத்தில் நிறுத்தினார். ஃபைன்மன் வாயடைத்துப் போனார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து, நீ உள்ளே என்ன செய்கிறாய், நான் என்ன செய்கிறேன் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஃபைன்மன் எண்களைக் குரலாகச் சொல்லிக்கொள்கிறார். வாய் பேசப் போனால் அந்தக் குரலுக்கு இடமில்லை, கண் மட்டும் சும்மா இருக்கிறது, அதனால் படிக்க முடிகிறது. டூக்கியின் தலைக்குள் எண்கள் அச்சிட்ட ஒரு நாடா நகர்ந்துகொண்டிருக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார். பார்வை அங்கே மாட்டிக்கொண்டதால் படிக்க முடியாது; நாக்கு சும்மா இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பேருமே கணக்கில் கரைகண்டவர்கள். செய்ததோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, அங்கன்வாடிக் குழந்தை செய்கிற வேலை. அதிலேயே இரண்டு பேரும் இரண்டு வழி. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் அறுபதில்தான் நிற்கிறார்கள். விடையை வைத்து வழியைக் கண்டுபிடிக்க முடியாது. இதை மறுபடியும் சொல்கிறேன், என் உரையில் இருக்கிற ஒரே விஷயம் இதுதான்: விடையை வைத்து வழியைக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும்.

வாய்பாட்டை நினைத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், ஐம்பத்தாறு ஒரு ராகத்தோடுதான் வரும். வெளியூர் போய் வேறு மொழியில் வேலை பார்த்து, வீட்டிலும் அந்த மொழியே புழங்க ஆரம்பித்தவர்கள்கூட, ரூபாய் நோட்டை எண்ணும்போது உதடு தமிழில் அசைவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் ஃபைன்மன் கட்சி. அவர்களிடம் நடுவில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும், முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இப்போது எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன், அனுமதியுங்கள். நாகர்கோவில் பக்கத்தில் இடலாக்குடியில் 1874இல் பிறந்தவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்துவதுதான் சதாவதானம். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அதைச் செய்து காட்டினார். அவதானக் கலையில் வழக்கமாக வரும் ஓர் அங்கம், முதுகில் எறிகிற சிறு கற்களை எண்ணிச் சொல்வது. எறிபவர் ஒரு பக்கம் எறிந்துகொண்டே இருப்பார். இன்னொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். மணி ஓசையையும் எண்ண வேண்டும், நடுவில் வருகிற கேள்விகளுக்கு வாயால் பதிலும் சொல்ல வேண்டும். குரலால் எண்ணுகிறவர் இந்த மேடையில் ஏறினால் முதல் வெண்பாவிலேயே இறங்க வேண்டியதுதான். அப்படியானால் அவதானிகள் கல்லை எதில் எண்ணினார்கள்? நாடாவிலா, தோல்மேல் பட்ட இடத்தை வைத்தா, விரல் மடிப்பிலா? நாம் இவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம், வீதிக்குப் பெயர் வைப்போம். "ஐயா, உள்ளே எப்படி?" என்று உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கிற பழக்கம் மட்டும் நம்மிடம் குறைவு. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

பயிற்சியால் வழியை மாற்றிக்கொள்ள முடியுமா என்றால், ஓரளவு முடியும். தெருவுக்குத் தெரு அபாகஸ் என்கிற மணிச்சட்ட வகுப்பு இருக்கிறது, அதில் தேறிய பிள்ளைகள் காற்றில் விரலை ஆட்டி ஆட்டிக் கணக்குப் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைக்கேல் ஃபிராங்க், டேவிட் பார்னர் என்ற இருவர் குஜராத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2012இல் எழுதினார்கள். கணக்குப் போடும்போதே காதில் விழுவதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அபாகஸ் தெரியாத அமெரிக்க மாணவர்கள் இதில் பெரிதும் தடுமாறினார்கள். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. அவர்களுடைய கணக்கு மணிச்சட்டப் படத்தில் நடக்கிறது, நாக்கில் நடக்கவில்லை. டூக்கி கட்சிக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்தப் படத்துக்கும் எல்லை உண்டு, மூன்று நான்கு கம்பிகளுக்கு மேல் ஒரே சமயத்தில் தாங்காது.

இந்த விசாரணையை முதலில் பெரிய அளவில் செய்தவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். மனிதரில் உயர்ந்த பிறவி, தாழ்ந்த பிறவி என்று பேசிய கொள்கைக்குத் தந்தை என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கிடையாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இன்று காலை சாப்பிட உட்கார்ந்த மேசையை மனசில் கொண்டுவந்து பாருங்கள், படம் மங்கலா பளிச்சென்றா, நிறம் தெரிகிறதா என்று கேட்டார். 1880இல் பதில்களை வெளியிட்டார். நேரில் பார்ப்பது போலவே தெரிகிறது என்றார்கள் சிலர். அவர் விசாரித்த விஞ்ஞானிகளில் பலரோ மனசில் படம் என்பதே வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தார்கள்! விஞ்ஞானிகள் என்றாலே இப்படித்தான் என்று அவர் முடிவு கட்டினார். பிற்கால ஆய்வு அதை மறுத்துவிட்டது, அவர்களிலும் எல்லா வகையும் உண்டு. நீங்களும் இன்றைக்குச் சாப்பிட்ட இட்லித் தட்டை வைத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். நிச்சயம் ஒரு சண்டை வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி அமைப்பாளர் கையைக் காட்டுகிறார். இன்னும் மூன்று தாள் மீதி இருக்கிறது. ஓடிவிடுகிறேன்.

மனசில் படமே வராதவர்களுக்கு ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் குழு 2015இல் அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தது. இது நோய் இல்லை. டிஸ்னியில் வெகுகாலம் பணியாற்றிய புகழ்பெற்ற ஓவியர் கிளென் கீன் இப்படிப்பட்டவர். முதலில் தாளில் வரைந்தால்தான் அவருக்கே அது தெரியும். அதனால், "கண்ணை மூடி மனக்கண்ணில் பார்" என்று வகுப்பில் சொல்லும்போது, ஒன்றும் தெரியவில்லை என்கிற பிள்ளை குறும்பு செய்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் அந்த "வந்துச்சு" பையன். அமெரிக்காவில் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர், ஆட்களிடம் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்புவார். எதிர்பாராத நேரத்தில் அது பீப் என்று ஒலிக்கும். அந்தக் கணத்தில் தலைக்குள் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 2008இல் வந்த ஓர் ஆய்வில் 30 மாணவர்கள். மொத்தக் குறிப்புகளில் உட்குரல் இருந்தது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். சிலரிடம் ஒருமுறைகூட இல்லை. சொல்லும் இல்லாமல் படமும் இல்லாமல் எண்ணம் மட்டும் தெளிவாக இருந்த கணங்களும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பையன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். இதற்கு ஒரு உதாரணம் வைத்திருந்தேன், விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, இதெல்லாம் வாய்ச்சொல்தானே, அளக்க முடியுமா என்பவர்களுக்கு ஒரு வரி: வெளிச்சமான வடிவத்தைக் கற்பனை செய்தால் பெரும்பாலோருக்குக் கண்மணி சுருங்குகிறது, படம் வராதவர்களுக்குச் சுருங்குவதில்லை என்று ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சன் குழு 2022இல் காட்டியிருக்கிறது. விளக்க நேரமில்லை, சிவப்பு விளக்கைப் பார்த்து அமைப்பாளர் எழுந்தே விட்டார். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.